கடைக் கணினியை வீசிவிட முன்

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் நம் கடைகளிலுள்ள பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. புதியது வாங்கிக் கைமுதலை முடக்குமுன், இலவசமான லினக்ஸைப் பாருங்கள் என்பேன்.

லினக்ஸில் மெனுவும் கீழ்ப்பட்டையும் அடங்கிய திரைமுகப்பையும் நாமே தெரிவு செய்யலாம். குனோம் முகப்பு பாரமானது. 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைச் சொல்வேன். விண்டோஸ் பழகியவருக்கு அது அந்நியமாகத் தெரியாது. 2 ஜிபி மட்டுமென்றால் இலேசான எல்எக்ஸ்கியூடி முகப்புள்ள லுபுண்டுவைப் பரீட்சிக்கலாம்.

நிறுவ முன் கணக்குகளைப் பிரதி எடுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டி, பில் பிரிண்டர் இயங்குகிறதா பாருங்கள். விண்டோஸுக்கென எழுதிய கணக்கு மென்பொருள் லினக்ஸில் அப்படியே ஓடாது. கடையே அதில்தான் நடக்கிறதென்றால் அவசரப்பட வேண்டாம்.