மூளைக்கு நடுவே இறங்கும் இரை

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் தூத்துக்குடிக் கடலில் பிடிபடும் ஊசிக் கணவாய், ஐஸ் பெட்டியில் ஏறி சிவகாசி மீன் கடை வரை வந்துவிடுகிறது. அடுத்த தடவை வாங்கினால், கடைக்காரரிடம் சுத்தம் செய்யக் கொடுக்காமல் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கைகள் எல்லாம் கூடும் இடத்தை அழுத்தினால் கரும்பழுப்பில் ஓர் அலகு பிதுங்கி வெளியே வரும். பார்க்கக் கிளி மூக்குதான். ஆனால் கிளிக்கு மேல் அலகு கீழ் அலகை மூடும். கணவாய்க்குக் கீழ் அலகு மேல் அலகை மூடும்.

அந்த அலகில் எலும்பு இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கைட்டினும் புரதமும் மட்டுமே. பசிபிக் கடலின் பெரிய கணவாய் ஒன்றை ஆராய்ந்தபோது, அலகின் நுனி அதன் அடியைவிட ஏறத்தாழ 100 மடங்கு விறைப்பானது என்று 2008-ல் தெரியவந்தது. அடிப்பகுதி இளகலாக இருப்பதால்தான் மெல்லிய வாய்த்தசையைக் கிழிக்காமல் கடிக்க முடிகிறது.

கணவாய்க்கு 8 கைகள். அவை போக, சுருக்கி வைத்திருக்கும் 2 நீண்ட கைகளும் உண்டு. இரை நெருங்கியதும் இந்த இரண்டும் பாய்ந்து ஒட்டிப் பிடிக்கும். சில இனங்களில் ஒரு நொடியில் 20-ல் ஒரு பங்குகூட ஆகாது. உறிஞ்சிகளின் விளிம்பில் பல் வரிசை இருப்பதால் வழுக்கும் மீனும் தப்பாது. பிடித்த மீனைப் பெரும்பாலும் தலைக்குப் பின்னால் கடித்து அடக்கும்.

பிறகு பொடிப்பொடியாக நறுக்கியே விழுங்கும். அதற்குக் காரணம் கணவாயின் உடலமைப்பு. அதன் மூளை வளையமாக இருக்கிறது. உணவுக்குழல் அந்த வளையத்துக்குள் நுழைந்தே இரைப்பைக்குப் போகிறது. பெரிய துண்டுக்கு அங்கே வழியே இல்லை. 

இதனால் ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் சிரமம். இரைப்பையைத் திறந்தால் கூழ்தான் கிடைக்கும். அதில் அகப்படும் செதிலையும் மீனின் காதுக்கல்லையும் வைத்தே இரையை அடையாளம் காண்கிறார்கள். நம் கரையோரக் கணவாய், மீனையும் இறாலையும் தின்னும். தன் இனத்துச் சிறியவற்றையும் விடாது. குஞ்சுகளுக்கு நுண்ணிய மிதவை உயிரிகளே ஆகாரம். அரபிக்கடலின் ஆழத்தில் திரியும் இனம், இரவில் மேலே ஏறிவரும் விளக்குமீன்களைத் துரத்தி வேட்டையாடும்.

பல இனங்களுக்கு ஆயுள் ஓராண்டுதான். அதற்குள் வளர்ந்து முட்டையிட்டாக வேண்டும், ஆகவே ஓயாத தீனி. கண்ணை நம்பி வேட்டையாடுவதால், மீனவர்கள் இறால் வடிவப் பொய் இரையைத் தூண்டிலில் கட்டி நீருக்குள் ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.