ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய ஜாவா, யெஸ்டி: கிக்கரை உதைக்கும் முன் செய்ய வேண்டியவை என்ன?

பேத்தமங்களா (கோலார் தங்கவயல்): பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளை மீண்டும் இயக்க விரும்புவோரில் பலர், தொட்டியில் புதிய பெட்ரோலை ஊற்றி உடனே கிக்கரை உதைத்துவிடுகின்றனர். பழுதுபார்த்துக் காப்பாற்றக்கூடிய எஞ்சினையும் இந்த அவசரம் பாழாக்கிவிடக்கூடும்.

பாலாற்றை ஒட்டிய பேத்தமங்களா, தங்கவயலுக்குக் குடிநீர் தந்த ஊர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இப்பகுதித் தமிழர்கள் பலர் நாள்தோறும் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். தந்தை ஓட்டிய வண்டியை விற்கவும் மனமின்றி, ஓட்டவும் நேரமின்றி நிறுத்தி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த விளக்கம் உதவும்.

மைசூரில் பிறந்த வண்டி

செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. 1970-களில் பெயர் யெஸ்டி என மாறியது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. எனவே, இன்று நம்மிடையே உள்ள பழைய யெஸ்டிகளில் மிக இளையதற்கே ஏறத்தாழ 30 வயது.

இவற்றில் பெரும்பாலானவை 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். கிக்கரும் கியரும் ஒரே லீவராக அமைந்திருப்பது இவற்றின் தனி அடையாளம்.

உதைக்கக் கூடாது, ஏன்?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் உராய்வைத் தடுப்பது, பெட்ரோலுடன் கலந்து செல்லும் ஆயில் மட்டுமே. வண்டி நீண்ட காலம் நின்றால் அந்த ஆயில் படலம் வடிந்து வறண்டுவிடும். ஈரக்காற்றினால் சிலிண்டர் சுவரிலும் பேரிங்கிலும் துரு பிடிக்கும். அந்நிலையில் ஓங்கி உதைத்தால் பிஸ்டன் வளையங்கள் உடையலாம், சிலிண்டரில் கீறல் விழலாம்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறிதளவு எஞ்சின் ஆயிலை விட்டு ஒரு நாளாவது ஊற விட வேண்டும். பின்னர் வண்டியை உயர் கியரில் வைத்து, பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்டன் நகராவிட்டால் மீண்டும் ஊற விடலாம். சுத்தியலால் தட்டுவது கூடாது.

தொட்டியும் கார்புரேட்டரும்

தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச் செல்கிறது. அது கார்புரேட்டரின் மெல்லிய ஜெட் துளைகளை அடைத்துவிடும். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே புதிய எரிபொருளை ஊற்ற வேண்டும். தொட்டியின் துருவையும் நீக்க வேண்டும். தவறினால் அது மீண்டும் ஜெட்டுக்கே வந்து சேரும். பெட்ரோல் ஆவி எஞ்சியுள்ள தொட்டியில் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்தானது. காலியான தொட்டியும் வெடிக்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமானது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனவே குழாய்களை மாற்றுவதும், வண்டியை மீண்டும் நீண்ட காலம் நிறுத்த நேர்ந்தால் தொட்டியைக் காலி செய்வதும் நல்லது.

கிராங்க் ஆயில் சீல்கள் இறுகியிருந்தால் அவற்றின் வழியே காற்று கசிந்து உள்ளே புகும். எரிபொருள் கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் இறுகி சக்கரம் நின்றுவிடக்கூடும். சீல் மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றாலும், இச்செலவைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

எஞ்சின் உயிர்பெற்ற மகிழ்ச்சியில் பலரும் மறப்பது பிரேக்கை. பிரேக் ஷூ, கேபிள், சக்கர பேரிங் ஆகியவற்றைச் சோதிக்காமல் சாலையில் இறங்கக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் உள்ள 4 இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். '2314' என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை தேயாமல் இருந்தாலும், வெடிப்பு கண்ட டயரை மாற்றிவிட வேண்டும்.

ஆவணங்கள்

தனிநபர் வாகனப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் படிவம் 25 மூலம் விண்ணப்பித்து, வாகனச் சோதனைக்குப் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு படிவம் 31 மூலம் பெயர் மாற்றம் பெற வேண்டும். கேஏ-08 பதிவெண் வரிசை கோலார் தங்கவயலுக்கு உரியது. செலவில் இறங்கும் முன், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சி புத்தகத்துடன் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். மூன்றாம் நபர் காப்பீடும் புகைச் சான்றிதழும் கட்டாயம்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை, 2021-இல் வெளியான மத்திய அரசு விதிகளின்படி 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். இதற்கான புதிய பதிவுக் கட்டணம் அந்த விதிகளில் ரூ.20,000 என நிர்ணயிக்கப்பட்டது. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அத்தகைய வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அன்றாடம் ஓட்ட விரும்புவோருக்கு வழக்கமான புதுப்பித்தலே ஏற்றது.