தளபதியைக் குடிகாரன் ஆக்கியது யார்? பாத்திரப்படைப்பைக் கற்பிக்க ஒரு கணினி விளையாட்டு



இலக்கியத் தாள் திருத்தியவர்களுக்கு இந்த வரி நன்றாகப் பழகியிருக்கும்: "இப்பாத்திரம் தீய குணம் கொண்டது. ஏனென்றால் அவர் பல தீய செயல்களைச் செய்தார்." எழுதிய மாணவன் கதையைப் படித்திருக்கிறான், நிகழ்ச்சிகளும் தெரிந்திருக்கின்றன. ஆனால் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது, எப்போது முற்றியது, அதற்கு யார் இடம் கொடுத்தார்கள் என்று ஒன்றுமே இல்லை. புள்ளி போடவும் மனசு வராது, போடாமல் விடவும் மனசு வராது.

என் படிவம் 4 மாணவன் ஒருவன் இப்படித்தான் எழுதி இருபதுக்கு ஏழு வாங்கினான். மறுநாள் ஓய்வு நேரத்தில் தன் நண்பனிடம் அவன் சொன்னது என் காதில் விழுந்தது: "அவன குடிகாரன் ஆக்குனதே நான்தான்டா. பத்துப் பன்னெண்டு டர்ன் ஊருக்குள்ளயே சும்மா உக்கார வெச்சிட்டேன்." யாரைச் சொல்கிறானோ என்று ஒரு கணம் பகீரென்றது. கூப்பிட்டு விசாரித்தால், கணினி விளையாட்டில் வரும் ஒரு தளபதியாம்! தேர்வுத் தாளில் ஒரு காரணம்கூட எழுத வராத பையன், அந்தத் தளபதி கெட்ட கதையை ஐந்து நிமிடம் காரண காரியத்தோடு விளக்கினான்.

அவன் ஆடியது 'மெடீவல் 2: டோட்டல் வார்'. பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி, 2006இல் வெளிவந்தது. நானும் கல்லூரிக் காலத்தில் ஆடி, கொஞ்சம் அதிகமாகவே நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். கதை 1080இல் தொடங்கி 1530 வரை ஓடும். இங்கிலாந்து, பிரான்ஸ், வெனிஸ் போன்ற ஓர் அரசை நீங்கள் எடுத்து நடத்த வேண்டும். அரசன், இளவரசன், தளபதி ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, தகப்பன் உண்டு. கூடவே ஒரு குணப்பட்டியலும் உண்டு. நமக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான்.

பட்டியல் நிறைவது எப்படி என்று பார்ப்போம். ஒவ்வொரு குணத்துக்கும் சில படிகள் இருக்கும். குடிப் பழக்கம் என்றால், எப்போதாவது குடிப்பவர் என்பது முதல் படி, ஊரறிந்த குடிகாரர் என்பது மேல்படி. ஒவ்வொரு படிக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு வரம்பு உண்டு. புள்ளி சேர்வதற்குச் சூழல் அமைய வேண்டும். தளபதி அந்தச் சுற்றை எங்கே முடித்தார்? நடந்தாரா, உட்கார்ந்திருந்தாரா? அந்த ஊரில் என்ன கட்டடம் இருக்கிறது? சூழல் பொருந்தினாலும் உடனே புள்ளி விழாது. 'இத்தனை விழுக்காடு வாய்ப்பு' என்று ஒரு சீட்டுக் குலுக்கல் நடக்கும். விழுந்தால் ஒரு புள்ளி, விழாவிட்டால் அடுத்த சுற்றில் மறுபடியும் குலுக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன். விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண் இது: ஒரு சுற்றில் குடிப் புள்ளி விழ 10 விழுக்காடு வாய்ப்பு. ஒரு சுற்றோடு கிளம்பிவிட்டால் தளபதி பெரும்பாலும் தப்பித்துவிடுவார். பத்துச் சுற்று அங்கேயே கிடந்தால், ஒரு புள்ளிகூட விழாமல் தப்பிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடுதான். யாரும் அவரைக் குடி என்று சொல்லவில்லை. அங்கே விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் விட்டுவைத்தார்கள் என்பது இன்னும் சுவையான கேள்வி. இந்த விளையாட்டில் ஒற்றர்களைத் திரட்ட வேண்டுமானால் ஊரில் விலைமாதர் விடுதியில் தொடங்கிச் சத்திரம், மதுக்கடை என்று வளரும் கட்டட வரிசை தேவை. அரசுக்கு ஒற்றன் வேண்டும், அதனால் அந்தக் கட்டடம் வேண்டும். ஊரைக் காக்க ஒரு தளபதியும் வேண்டும். மூன்றும் நியாயமான முடிவுகளே. மூன்றையும் ஒரே ஊரில் சேர்த்ததுதான் வினை. என் மாணவனும் அப்படித்தான் செய்திருக்கிறான். "ஸ்பை எடுக்கத்தான் சார் கட்டுனேன், இவன் கெட்டுப்போவான்னு நெனைக்கல," என்றான்.

போர்க்களத்திலும் இதே முறைதான். பிடிபட்ட கைதிகளை விடுவிக்கலாம், பணயத் தொகை கேட்கலாம், கொன்றும் போடலாம். விடுவித்தால் தளபதியின் வீரப் பெருந்தன்மை ஏறும், கொன்றால் அவர்மேல் உள்ள அச்சம் ஏறும். பிடித்த ஊரின் மக்களை வாழவிடுவதற்கும் வெட்டிச் சாய்ப்பதற்கும் இதே கணக்கு. இவை ஒரே கோட்டின் இரு முனைகள். ஒரு பக்கம் போகப் போக மறுபக்கம் தேயும். மாணவர்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த விளையாட்டில் கொடுமைக்கும் பலன் உண்டு. அச்சம் மிகுந்த தளபதி வந்தால் எதிரிப் படை மனம் தளரும், பெருந்தன்மை மிகுந்தவர் வந்தால் சொந்தப் படை ஊக்கம் பெறும். ஆக, கொடியவன் உடனே தோற்றுவிடுவான் என்ற எளிய நீதிக்கு இங்கே இடமில்லை. நல்ல நாவல்களிலும் அப்படித்தானே?

இந்தக் குணங்களெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். என்னைக் கேட்டால், சில நேரம் ஆட்டத்தைவிட அந்தக் கோப்பே சுவை. எதிர்க்குணம் என்று ஒன்று அதில் உண்டு. நல்ல பக்கத்தில் சேரும் புள்ளி முதலில் கெட்ட பக்கத்துப் புள்ளியைக் கழிக்கும். அதாவது மனிதன் திரும்பி வரலாம். ஆனால் சில குணங்களுக்கு 'நோ கோயிங் பேக் லெவல்' என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். திரும்ப முடியாத படி! அதைத் தாண்டிவிட்டால் என்ன நல்லது செய்தாலும் அந்தக் குணம் கழியாது. தகப்பனின் குணத்தைப் பார்த்து, வயதுக்கு வரும் மகனுக்கும் ஒரு குலுக்கல் நடத்தும் விதிகள்கூட உண்டு.

இதுவரை சொன்னது குறை வெளியிலிருந்து வரும் கதை. இடமும் பழக்கமும் வாய்ப்பும் சேர்ந்து ஒருவனைக் கெடுக்கின்றன. சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'க்ரூசேடர் கிங்ஸ் 3' வேறு வழியில் போகிறது. அங்கே ஆள் பெரியவராகும்போதே பெரும்பாலும் மூன்று குணங்கள் அமைந்துவிடும். குழந்தைப் பருவத்தில் யார் வளர்த்தார்கள் என்பதும் அதில் சேரும். அதற்குப் பிறகு, தன் குணத்துக்கு மாறாக நடக்கும்போதெல்லாம் மன அழுத்தம் ஏறும். இரக்கமுள்ள அரசன் ஒருவனைத் தூக்கிலிட ஆணையிட்டால் அவனுக்கே வலிக்கும். கொடூரத்தில் இன்பம் காண்பவனுக்கு அந்த வலி இல்லை. அழுத்தம் 100, 200, 300 என்ற வரம்புகளைத் தொடும்போது மனம் உடையும் ஒரு நிகழ்ச்சி வரும். குடி, அளவுக்கு மீறிய தீனி, தன்னையே சாட்டையால் அடித்துக்கொள்வது, யாரையும் பார்க்காமல் அடைந்து கிடப்பது போன்ற ஏதாவது ஒன்று அப்போது ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் குறை சில திறன்களைக் குறைக்கும், ஆனால் அழுத்தத்தை இறக்கி வைக்க ஒரு வழியும் தரும். முதல் விளையாட்டில் தளபதி சும்மா இருந்து குடிக்கிறார். இரண்டாவதில் அரசன் தாங்க முடியாமல் குடிக்கிறான். பட்டியலில் இரண்டும் 'குடி' என்றே இருக்கும். தேர்வில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி எழுதும் மாணவனுக்குப் புள்ளி தானாக வரும்.

இதற்கு முந்தைய 'க்ரூசேடர் கிங்ஸ் 2' (2012) கிறிஸ்தவ மரபின் ஏழு பெரும் பாவங்களையே குணங்களாக வைத்திருந்தது: காமம், பெருந்தீனி, பேராசை, சோம்பல், சினம், பொறாமை, செருக்கு. இடைக்கால ஐரோப்பாவுக்கு இது பொருத்தம்தான். திருக்குறளின் 'குற்றங்கடிதல்' அதிகாரத்துக்கு (44) உரை எழுதும் பரிமேலழகர் எண்ணும் ஆறையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: காமம், வெகுளி, கடும்பற்றுள்ளம், மானம், உவகை, மதம். உவகை எப்படிக் குற்றமாகும் என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும். ஏழு பாவமும் எந்த மனிதனுக்கும் உரியவை, இந்த ஆறோ ஆள்பவனுக்காகச் சொன்னவை. வெற்றிக் களிப்பில் கடமையை மறக்கும் அரசனைப் பற்றி 'பொச்சாவாமை' என்று தனி அதிகாரமே (54) இருக்கிறது. ஊருக்குள் உட்கார்ந்திருந்த நம் தளபதிக்கு அதுதான் நெருங்கிய சொந்தம்.

இப்போது ஒரு தேர்வுப் பாத்திரம். சிலப்பதிகாரத்துப் பாண்டியனை 'கொடுங்கோலன்' என்று எழுதும் தாள்கள் எனக்கு ஆண்டுதோறும் வருகின்றன. கொடுமை படிப்படியாகச் சேர்ந்ததற்குக் காப்பியத்தில் சான்று எங்கே? பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, விசாரிக்காமல் இட்ட ஓர் ஆணைதான் இருக்கிறது. குறை கொடுமையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. தவறு தெரிந்தவுடன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். அழுத்தத்தைக் கணக்கிடும் விளையாட்டுக்காரன் இவனை உடனே புரிந்துகொள்வான்: நேர்மையானவன் தன் குணத்துக்கு மாறாகச் செய்துவிட்டான், அதை அவனால் தாங்க முடியவில்லை.

வகுப்பில் நான் செய்வது எளியது. பாத்திரத்தின் குறை ஒன்றை மாணவர்கள் சொல்ல வேண்டும். பிறகு நான்கு கேள்வி: எந்தச் சூழலில் முதல் புள்ளி விழுந்தது? எத்தனை முறை? அந்தச் சூழலை அமைத்தது யார்? திரும்பி வர வாய்ப்பிருந்த கடைசி இடம் எது? கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல விடைகள் வரும். இரண்டு மாணவர்கள் இரண்டு வெவ்வேறு இடங்களைச் சொல்லிச் சண்டை போட்டால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். விளையாட்டு தராத ஒன்றையும் கேட்கச் சொல்லுங்கள். கொல்லப்பட்ட கைதி அங்கே வெறும் எண், அவனுக்குப் பெயரோ குணப்பட்டியலோ கிடையாது. இலக்கியத்தில் கோவலனுக்கு மனைவி இருக்கிறாள், அவள் அரண்மனை வாசலுக்கே வருகிறாள்.

அந்தப் படிவம் 4 மாணவன் அதே வினாவுக்கு மறுபடி எழுதினான். இருபதுக்குப் பதினான்கு. தாளை வாங்கிக்கொண்டு, "சார், ரிப்போர்ட்ல என்னைய சோம்பேறின்னு போட்டிருந்தீங்களே, அது எத்தனாவது லெவல்?" என்று கேட்டான். சிரித்துச் சமாளித்தேன். பிறகு வகுப்பாசிரியரிடம் விசாரித்தபோதுதான், விடியற்காலையில் அம்மாவின் நாசி லெமாக் கடையில் வேலை செய்துவிட்டு வருகிறான் என்று தெரிந்தது. என் பாடம் முதல் இரண்டு வேளைகளில். எந்தச் சூழலில், எத்தனை முறை என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'க்ரூசேடர் கிங்ஸ்' வரிசையில் கொலை, சித்திரவதை, கள்ள உறவு எல்லாம் தாராளமாக வரும். மாணவர்களை ஆடச் சொல்ல வேண்டாம். நான்கு கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலே ஒரு பாட வேளைக்குப் போதும்.