சிங்க்கில் ஊற்றும் எண்ணெய்

சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றால் சோற்றுப் பருக்கையைத்தான் முதலில் திட்டுகிறோம். ஆனால் வேலையைக் கெடுப்பது எண்ணெய். சூடாக ஊற்றும்போது தண்ணீராய் ஓடும் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குழாயின் உட்புறம் படியும் அந்தப் பிசுக்கில்தான் பருக்கையும் காப்பித்தூளும் மாவும் ஒட்டுகின்றன. கொதிநீரும் சோப்பும் ஊற்றினால் போய்விடாதா என்று கேட்கலாம். போகும், சூடு ஆறியதும் கை எட்டாத தூரத்தில் மறுபடி படியும். லண்டன் ஒயிட்சாப்பல் சாக்கடையில் 2017இல் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் இறுகிக் கிடந்த கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை.

ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் தீரும் என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கை அது பெரிதாக அசைக்காது. ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அதற்குப் பதிலாக, அடியில் வாளியை வைத்து, சிங்க்கின் கீழே கிண்ணம்போல் இருக்கும் பாட்டில் டிராப்பின் மூடியைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். கழுவுமுன் வாணலியைக் காகிதத்தால் துடைத்தால் இந்த வேலையே அரிதாகிவிடும். வீட்டுக் குழாயைத் தாண்டிய பிசுக்கு தெருச் சாக்கடையை அடைக்கும். அந்த அடைப்பை எடுக்கப் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படியும் இறக்குகிறார்கள், இறங்கியவர்கள் சாகிறார்கள். தயவுசெய்து எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள்.