வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி



நம் மஹல்லாவில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். ஹிஃப்ளு முடிப்பதற்கு இரண்டு மூன்று வருடம் ஒதுக்கியதில் வகுப்பு தவறிப்போன ஆண் பிள்ளைகள், வாப்பா சபுரில் இருக்க, உம்மாவுக்கு முடியாமல் போனதால் நின்றுவிட்ட பெண் பிள்ளைகள், பிரான்சிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ நடு ஆண்டில் ஊர் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை பள்ளிக் கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளியில் இருக்கிற பிள்ளையை நிறுத்துங்கள் என்று யாரும் இதைப் படித்துவிட்டுப் புரிந்துகொள்ள வேண்டாம். ஏற்கெனவே நின்றுவிட்டவர்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

இவர்களுக்கு இருக்கும் நல்ல வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசின் அமைப்பு, 1989இல் தொடங்கியது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும், தமிழையும் எடுக்கலாம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளலாம்.

சிக்கல் எழுத்தில் வருகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்லும். உம்மாவும் "சரிதான்" என்று விட்டுவிடுவார். எழுதிக் காட்டு என்று கேட்க ஆளில்லை. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு இருபது சதவீத மதிப்பு உண்டு. கடையில் விற்கிற விடைத்தாளைப் பார்த்து அதை அப்படியே காப்பியடித்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு தேர்வு அறையில் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. பாடம் தெரிந்தும் மதிப்பெண் போய்விடுகிறது.

முப்பது ஜுஸ்உவையும் மனதில் வைத்திருக்கிற பிள்ளைக்குப் பத்து வரி சொந்தமாக எழுத வரவில்லை என்றால் பெற்றோர் திகைக்கிறார்கள். அறிவுக் குறை இல்லை அது. ஹிஃப்ளில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது, பிசகினால் உஸ்தாத் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். அப்படித்தான் இருக்க வேண்டும். கட்டுரை எழுதுவது வேறு வேலை. அங்கே சொல்லைத் தானே தேட வேண்டும், ஒன்றை எழுதி அடித்து இன்னொன்றை எழுத வேண்டும். தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தோடு உட்காரும் பிள்ளை முதல் வரியையே தொடங்காது.

ஆகவே நம் அறக்கட்டளையில் சிறு வகுப்பாக வைத்திருக்கிறோம். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. பத்ரில் சிறைப்பட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் அதுவே மீட்புத்தொகை என்று நபிகளார் (ஸல்) ஏற்றுக்கொண்ட செய்தி சீரா நூல்களில் இருக்கிறது. ஓர் ஆசிரியருக்குப் பத்து என்ற கணக்கே அதிகம் என்பது என் எண்ணம்; எட்டுப் பேர் எழுதியதை ஒரே உட்காரலில் படித்துத் திருத்துவதற்குள் மக்ரிபு ஆகிவிடுகிறது.

வகுப்பு அஸருக்குப் பிறகு. முதலில் பேச்சு. நேற்று வீட்டில் என்ன பசியாறினீர்கள், மீன் யார் வாங்கி வந்தது, விலை என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கலகலவென்று சொல்வார்கள். சொன்னதையே பதினைந்து நிமிடம் எழுதச் சொல்கிறோம். எழுதும்போது யாரும் குறுக்கே போவதில்லை. முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் தாளை உரக்கப் படிக்க வேண்டும். பாதித் தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும், ஏனென்றால் ஓதிப் பழகிய காது கூர்மையானது. நின்று மூச்சுவிடும் இடத்தில் முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

திருத்தம் வாரத்துக்கு ஒரே வகை. முதல் சில வாரம் பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்கு மாற்றுவது மட்டும்: "வந்துச்சு" என்பது "வந்தது", "இருக்காங்க" என்பது "இருக்கிறார்கள்". அடுத்து ல, ள, ழ. அதன்பின் ஒற்று. "அதை பார்த்தான்" என்று எழுதினால், ஐ உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், "அதைப் பார்த்தான்" என்று காட்டுகிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தால் மறுநாள் பிள்ளை வராது.

ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. உம்மா, வாப்பா, லாத்தா, பசியாறுதல் என்று பிள்ளை எழுதினால் அதை அடிக்கக் கூடாது. அவை நம் வீட்டுத் தமிழ், பிழையில்லை. தேர்வுக்குப் பொதுத்தமிழும் தெரிய வேண்டும், அதைத் தனியாகச் சொல்லித் தருகிறோம்.

தலைப்பும் முக்கியம். "நான் விரும்பும் தலைவர்" என்று கொடுத்தால் எட்டுத் தாளும் ஒரே மாதிரி வரும். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் காலையில் என்ன நடக்கிறது, சுனாமி அன்று வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், பிள்ளை விசாரித்துவிட்டு வந்து எழுதுகிறது. பாஸ்புக் தொலைந்ததற்கு வங்கி மேலாளருக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டில் பெயர் திருத்த மனு, சபுரில் இருக்கும் வாப்பாவுக்கு ஒரு முழுக் கடிதம் ஆகியவற்றையும் எழுத வைக்கிறோம். வாட்ஸப்பில் குரல் அனுப்பிப் பழகியதால் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைக்கு ஓதத் தெரிந்தால் போதும், எழுத்து எதற்கு என்று நினைக்கும் பெரியவர்கள் இன்றும் ஒருவர் இருவர் உண்டு. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என்பது அபூதாவூதில் உள்ள ஹதீஸிலிருந்து தெரிகிறது. நம் பக்கத்து நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். சிறு வயதிலேயே திருமணம், இளமையிலேயே விதவை. வீட்டிலிருந்தபடியே படித்து, எழுதி, 1938இல் "காதலா? கடமையா?" என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே.சாமிநாதையர். அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரைப் போட்டு நாவல் எழுதுவது எளிதான காரியமா! ஆனால் அவரைப் போல எல்லோரும் தனியாகவே கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று நினைக்க முடியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர்தான் இப்போது குறைவாக இருக்கிறார். நம் ஊரில் பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் பலர். வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு குழு தொடங்கிவிடலாம். தமிழ்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பிழையில்லாமல் எழுதத் தெரிந்து, பொறுமையும் இருந்தால் போதும். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று: பிள்ளை எழுதிக் கொண்டுவரும் நோட்டை வாரம் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். திருத்த வேண்டாம். படிக்கத் தெரியாத உம்மாக்கள் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சேர விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, நோட்டும் பேனாவும் நாங்களே தருகிறோம்.