இரண்டு ஊர்த் தண்ணீர்

வேலூரிலிருந்து கங்காதர நெல்லூருக்கு நாங்கள் குடிவந்த முதல் மாதமே அம்மா குறை சொன்னார். "இந்த போர் தண்ணியே வேறடா. பருப்பு வேகமாட்டேங்குது, சோப்பு நுரைக்கமாட்டேங்குது, தவலையெல்லாம் வெள்ளையாப் படியுது."

"தண்ணி எல்லா ஊர்லயும் ஒண்ணுதாம்மா" என்றேன். அம்மா நம்பவில்லை. நியாயந்தான், நான் சொன்னது பாதி விடை.

நீரை ஐம்பூதங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். கிரேக்கரும் அதை அடிப்படைப் பொருளாகவே கருதினர். 1780-களில் இங்கிலாந்தில் கேவண்டிஷ் ஹைட்ரஜனை எரித்து நீரைப் பெற்றார். அது தனிமமன்று, சேர்மமே என்று 1783-இல் பிரான்சில் லவாய்சியே விளக்கினார். 1800-இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரம் செலுத்தி நீரை இரு வாயுக்களாகப் பிரித்தே காட்டிவிட்டனர். எரியும் வாயு ஒன்று, எரிய உதவும் வாயு மற்றொன்று; இரண்டும் கூடிப் பிறந்ததோ நெருப்பை அணைக்கிறது!

பருமனளவில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. எடையில் கணக்குத் தலைகீழ்: 9 கிராம் நீரில் ஆக்சிஜன் 8 கிராம், ஹைட்ரஜன் 1 கிராம். கஞ்சியில் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், அது கலவை. சேர்மத்தில் அந்த உரிமை எவருக்கும் இல்லை. பாலாற்றிலும் நீவாவிலும் அதே எட்டு, அதே ஒன்று. (நீவாவே பொன்னை என்னும் பெயரில் பாலாற்றில் கலக்கிறது என்பது வேறு செய்தி.)

மறுபாதி விடை மண்ணுக்குள் இருக்கிறது. பாறையூடே ஊறும் நீர் அங்குள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அவற்றுள் கால்சியம், மக்னீசியம் உப்புகளே சோப்பையும் பருப்பையும் கெடுப்பவை. கொதிக்கும்போது பைகார்பனேட்டுகள் சிதைந்து கார்பனேட்டாகப் படிகின்றன. தவலையின் வெள்ளை அதுவே.

"அப்போ காய்ச்சினா எல்லாம் போயிடுமா?"

இங்கேதான் கவனம் வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் (எங்கள் ஊரன்று, பெயர்தான் ஒன்று) கிணற்று நீரின் ஃபுளோரைடால் எலும்பு விறைத்து முடங்கியவர்களைப் பற்றி 1937-இலேயே மருத்துவர்கள் எழுதினர். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நாவுக்கு இது தெரியாது; சோதித்தால்தான் தெரியும்.

சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டு நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்தேன். ஃபுளோரைடுச் சோதனைக்குக் கண்ணாடி உதவாது. திருப்பதிக்குப் பேருந்து ஏறும்போது அம்மா கேட்டார்: "புட்டி மேல ஊர்ப் பேரை எழுதினியாடா? வேலூர்த் தண்ணின்னு நினைச்சுடப் போறாங்க."