பகலில் புல் வெட்டு! இரவில் இரும்பு மில்!!
கும்மிடிப்பூண்டியில் சம்பளத்தை விழுங்கும் "கார்டன் காண்டிராக்ட்"

(நமது நிருபர்)

கும்மிடிப்பூண்டி:-

காலை மணி 6.15. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து ஜனங்கள் வெளியே வருகிறார்கள். எல்லோரும் பஸ்சுக்கும் ரெயிலுக்கும் ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்த மொபட்டின் மேல் போட்டிருந்த கோணிச் சாக்கை எடுக்கிறார். உள்ளே நீளமாக ஒரு மிஷின்!

அது புல் வெட்டும் மிஷின்.

லாரி விபத்து ஒன்றைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில்தான் இவரைப் பார்த்தேன். விபத்துச் செய்தி நாலு வரியில் முடிந்துவிட்டது. இவர் கதை முடியவில்லை.

வயது 41. ராத்திரி இரும்பு உருட்டாலையில் வேலை. காலையில் வேறு இரண்டு ஆலைகளில் புல் வெட்டும் காண்டிராக்ட். ஊர்ப் பக்கம் ஆரணியாற்றுப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் நெல். "பேரைப் போட்டுடாதே தம்பி. மில்லுல தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும்" என்றார். போடவில்லை.

ஆலையில் என்ன புல்?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோ மீட்டரில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. தாண்டினால் எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. இரும்பு, ரசாயனம், மருந்து என்று ஆலைகள் நிறைந்த இடம். புகையும் தூசியும் பறக்கும் ஊரில் புல்தரைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம்.

வேலை இருக்கிறது. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது, மொத்த இடத்தில் 33 சதவீதம் பசுமை வளையம் வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். ஆலையின் கழிவு நீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடச் சொல்வதும் உண்டு. பசுமை வளையம் என்றால் மரம்தான் முக்கியம். ஆனால் மரம் வளர வருஷக்கணக்கு ஆகும். கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் கொரியன் புல் பதித்தால் அடுத்த மாதமே பச்சைப் பசேல் என்று ஆகிவிடும். சோதனைக்கு வரும் அதிகாரி கண்ணில் முதலில் படுவதும் அதுதானே!

புல்தரை மட்டும் அல்ல. டிரான்ஸ்பார்மர் பக்கம் காய்ந்த புல் நின்றால் ஒரு பொறி போதும். மதில் ஓரம் புதர் மண்டினால் கண்ணாடி விரியன் வந்து படுத்துக் கொள்ளும். எனவே ஒவ்வொரு ஆலையும் புல் வெட்ட ஆள் வைத்தே ஆக வேண்டும். சொந்தத் தோட்டக்காரரை வைத்துக் கொள்ளும் காலம் போய்விட்டது. எல்லாம் காண்டிராக்ட்.

பழைய கதை ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. கான்பூர் ஜே.கே. பருத்தி ஆலை அதிகாரிகளின் பங்களாக்களில் தோட்ட வேலை செய்த மாலிகள், "நாங்களும் ஆலைத் தொழிலாளிகளே" என்று வழக்காடினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1960-களில் கோர்ட்டு அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தோட்டக்காரரும் தொழிலாளி என்று அப்படி வாங்கிய உரிமை, "பில் கொண்டு வா, பணம் தருகிறோம்" என்ற ஒரே வார்த்தையில் இன்றைக்குக் கரைந்து போயிருக்கிறது.

கணக்குப் புத்தகம்

டீ குடித்தபடியே மொபட் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பென்சிலால் எழுதிய கணக்கு. ஆனால் சுத்தமான கணக்கு.

ஒரு ஆலையில் மாதம் ரூ.14,000. இன்னொன்றில் ரூ.10,000. ஆக ரூ.24,000.

கோரை பிடுங்க இரண்டு பெண்கள். ஆளுக்கு 10 நாள், நாள் கூலி ரூ.500. அதுவே ரூ.10,000 ஆகிவிடுகிறது. பெட்ரோல், ஆயில் ரூ.3,500. நரம்பு, பிளேடு, ரிப்பேர் ரூ.1,500. மிச்சம் ரூ.9,000.

"பரவாயில்லையே அண்ணே!" என்றேன்.

சிரித்தார். "நோட்டுல இருக்குது தம்பி. கையில இருக்குதா கேளு."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கூலி சனிக்கிழமை சனிக்கிழமை கொடுக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் கடன் கிடையாது. ஆனால் ஆலையில் பில் பாஸ் ஆக 3 மாதம் ஆகிறது. ஸ்டோர்ஸ் கையெழுத்து, அக்கவுண்ட்ஸ் கையெழுத்து, மானேஜர் லீவு! மாதம் ரூ.15,000 வீதம் 3 மாதத்துக்கு ரூ.45,000 எப்போதும் வெளியே நிற்கிறது. அந்த ரூ.45,000-ஐ யார் போடுவது?

இரும்பு மில் சம்பளம்தான் போடுகிறது. பிடித்தம் போக கைக்கு வருவது ரூ.17,000. சம்பளத்துக்கு மேல் நாலு காசு வரட்டும் என்றுதான் எல்லோரும் உபதொழில் தேடுகிறார்கள். இங்கே சம்பளம் உபதொழிலுக்குச் சோறு போடுகிறது. சம்பளம் பத்தாத மாதம் நகை அடகுக் கடைக்குப் போகிறது. நாம் பார்த்த அன்று இரண்டு செயின், ஒரு ஜோடிக் கம்மல் உள்ளே இருந்தன.

பில்லில் 1 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் வேறு. வருஷத்துக்கு ரூ.2,880. இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு வரி கிடையாது. கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்பி வரும். இவர் ஒரு வருஷமும் தாக்கல் செய்யவில்லை. "ஆடிட்டருக்கு யாரு குடுக்கறது?" என்கிறார். ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் வாசகர்கள் இப்படிப்பட்டவருக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் புண்ணியம்.

பில் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இவர் பெயரே இல்லை! "வீட்டுக்காரி பேர்ல எடுத்திருக்கேன். என் பேர்ல எடுத்தா மில்லுக்குத் தெரிஞ்சிடுமே" என்றார். சொந்தத் தொழிலில் இவர் எடுபிடி. முதலாளி, வீட்டம்மா.

சட்டம் என்ன சொல்கிறது?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை பார்க்க விடக் கூடாது என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 60-வது பிரிவில் சொன்னது. சில விலக்குகள் உண்டு. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பிலும் இந்தத் தடை இருக்கிறது. புல் வெட்டும் காண்டிராக்டர் அந்தச் சட்டப்படி தொழிலாளி ஆவாரா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். ஆனால் சட்டம் எதற்காக வந்தது என்பதற்கு வக்கீல் வேண்டாம். தூக்கம் இல்லாதவன் கையில் மிஷின் கொடுக்காதே என்பதற்காக வந்தது.

இவர் தூங்குவது மதியம் 12 மணி முதல் 5 மணி வரை. கழனியில் வேலை இருந்தால் அதிலும் 2 மணி நேரம் போய்விடும்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியதும், எதிர்ப்பு வந்து மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்ததும் நினைவிருக்கும். "அன்னைக்கு எங்க மில்லுல கொடி பிடிச்சவங்க ஓய்வு வேணும்னு பிடிச்சாங்க. நான் புல்லு வெட்ட நேரம் வேணும்னு பிடிச்சேன்" என்றார்.

கல் பறக்கும்!

புல் வெட்டுவது என்றால் லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த மிஷினைத் தோளில் மாட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை, மிஷினுக்குத் தக்கபடி ஆயில் கலக்க வேண்டும். ஆயில் குறைந்தால் என்ஜின் பிடித்துக் கொள்ளும். கூடினால் புகையிலேயே ஆள் மூச்சு முட்டிப் போவான். பிளேடு சுற்றும்போது 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஆலை வளாகத்தில் புல்லுக்குள் என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. ஜல்லி, போல்ட், வெல்டிங் குச்சி. பிளேடு பட்டால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். இவர் இடது கணுக்காலில் ஒரு தழும்பு. காட்டவில்லை, நானே பார்த்தேன்.

பிளேடுக்குப் பதிலாக நைலான் நரம்பு சுற்றும் மிஷினைக் கண்டுபிடித்தவரும் வேறு தொழில்காரர்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் நடனப் பள்ளி நடத்திய ஜார்ஜ் பல்லாஸ். 1971-ல் கார் கழுவும் இடத்தில் பிரஷ் சுழல்வதைப் பார்த்து யோசனை வந்தது. பாப்கார்ன் டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சோதித்தார். அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1977-ல் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் அடிபட்டால் கதை வேறு. இவருக்கு மில் மூலம் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது. ஆஸ்பத்திரி, மருந்து கிடைக்கும். ஆனால் புல் வெட்டும்போது கண்ணில் கல் பட்டால், மில் வேலையில் பட்ட காயம் என்று ஊன உதவித் தொகை கேட்க முடியாது. கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்கும் பலருக்கு இது தெரியாது.

மழையும் வெயிலும்

மழை வந்தால் புல் வளரும். புல் வளர்ந்தால் வேலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாரத்தில் முழங்கால் உயரம் வந்துவிடும். அதே வாரம் கழனியில் சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும். இங்கே ஓடுவதா, அங்கே ஓடுவதா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கழனியும் போனது, வீட்டில் இருந்த பழைய மிஷினும் தண்ணீரில் போனது. இப்போது இருப்பது நகை வைத்து வாங்கியது. பாங்கியில் முத்ரா கடனில் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கேட்கலாம். இவர் கேட்கவில்லை. அடகுக் கடை பக்கத்திலேயே இருக்கிறதாம்!

கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழ். புல் கருகிவிடும். "வெட்டாத மாசத்துக்கு எதுக்குப் பில்?" என்று கேட்டு ஆலையில் பாதியைக் குறைப்பார்கள். ஆனால் புல் தூங்கினாலும் கோரை தூங்காது. மேலே வெட்டினால் கீழே கிழங்கு இருக்கிறது. களைக்கொத்து போட்டுக் கிழங்கோடு எடுத்தால்தான் போகும். அந்தப் பெண்களின் கூலியை எந்த வெயிலும் குறைப்பதில்லை.

45 நாள் கெடு

பில்லுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தே ஆக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் பாங்கி வட்டி விகிதத்தைப்போல் 3 மடங்கு, கூட்டு வட்டியுடன். பணம் வராவிட்டால் அதற்கென்று உள்ள குழுவில் மனுப் போடலாம். "உத்யம்" பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் நம்பரும் வேண்டும். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்வது நல்லது.

இதைச் சொன்னதும் இவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். "கேஸ் போட்டா 72 ஆயிரமும் வந்துடும் தம்பி. அடுத்த மாசம் கேட்டுக்குள்ள விடுவானா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமைக்குள் பதில்

இப்போது புதிய சிக்கல். இதுவரை இவருக்கு நிரந்தர இரவு ஷிப்டு. யாரும் விரும்பாத ஷிப்டை இவர் கேட்டு வாங்கிக் கொண்டிருந்தார். ஒன்றாம் தேதி முதல் வாரம் ஒரு ஷிப்டு என்று மாற்றிவிட்டார்கள். அப்படியானால் மூன்று வாரத்தில் ஒரு வாரம் காலையில் மில்லுக்குள் இருக்க வேண்டும். இஷ்டமா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

மில்லை விட்டால் பி.எப்., இ.எஸ்.ஐ. போச்சு, பில்லுக்காகக் காத்திருக்கச் சம்பளமும் போச்சு. புல்லை விட்டால் 72 ஆயிரம் எப்போது வரும் என்று தெரியாது. வெளியே போன காண்டிராக்டருக்குப் பணம் கொடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

நாங்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே அந்த அம்மா ரெயிலடியிலிருந்து நடந்து வந்தார். கோரை பிடுங்கும் இரண்டு பெண்களும் கூட வந்தார்கள். விஷயத்தை நான் எடுத்ததும் இவரை முந்திக் கொண்டு பேசினார்.

"இவரு மில்லுக்கே போகட்டும் சார். மிஷினை நான் ஓட்டறேன்."

"பேசறதைப் பாரு! அது தோள்ல ஏழு கிலோ இருக்கும்" என்றார் இவர்.

"ஏங்க, ரெண்டு குடம் தண்ணி அதைவிடக் கம்மியா?"

இவர் மில்லில் தூங்கி விழும் வாரங்களில் மிஷினை அந்த அம்மாதான் ஓட்டுகிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அக்காவுக்கு ஆயில் கலக்கத் தெரியும். நரம்பு மாற்றத் தெரியும். செல்போனில் "உத்யம்" பதிவைப் பற்றி என்னிடம் இரண்டு முறை விவரமாகக் கேட்டுக் கொண்டார். "கேஸ் வேணாம் சார். அந்தப் பேப்பரை பில்லோட சேத்து வச்சா போதும். அவங்களுக்கே புரியும்" என்றார்.

ஏழு மணிக்கு ஆலை கேட். செக்யூரிட்டி நிறுத்தினார். மிஷின் ஓட்டுகிறவர் சேப்டி ஷூ போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். பெண்கள் அளவு ஷூ ஸ்டோர்சில் இல்லை. இவர் கல்வெட்டு மேல் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். 9-ம் நம்பர். அந்த அம்மா பையிலிருந்து பழைய துணியை எடுத்து இரண்டு முனையிலும் திணித்தார். லேசை இழுத்துக் கட்டினார். மிஷினைத் தோளில் மாட்டிக் கொண்டு உள்ளே போனார்.

இவர் வெறுங்காலோடு மொபட்டில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. "சோக் மூடாம இழுக்கறா" என்று முணுமுணுத்தார். அப்புறம் சத்தம் சீரானது. தலையைக் கைப்பிடி மேல் சாய்த்துக் கொண்டார். நான் 7.40-க்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது நன்றாகத் தூங்கிக் கொண்டிருந்தார்.